பச்சைத் திரையும் இடது கண்ணும்

பச்சையைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று எனக்கு முதன்முதலில் சொன்னது யாரென்று ஞாபகமில்லை. தெரிந்தால் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன். ஆனால் சொன்னதில் பொய் இல்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன், கண்ணும் இந்தப் பாடு பட்டிருக்காது. பாதி உண்மைதான் மனுஷியைக் கெடுக்கும்.

சாயந்திரத்தில் தெருவிளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிகிறதே, அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டு யாராவது ஒருவர் இந்நேரம் பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கண்டி கொழும்பு வீதியில் ஒரு புடவைக் கடையில் எனக்கு வேலை. பில் போடுவதல்ல, துணி மடிப்பதல்ல, மேட்சிங். பெண்கள் சாரியைக் கொண்டுவந்து மேசையில் விரிப்பார்கள். அதற்குப் பொருந்துகிற சட்டைத் துணி, உள்பாவாடை, நூல் மூன்றையும் நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். எல்லோரும் கேட்பது "அதே கலர்". அதே கலர் என்று உலகத்தில் ஒன்று கிடையாது, கிட்டத்தட்ட என்பதுதான் உண்டு. அந்தக் கிட்டத்தட்டவை இருபத்தாறு வருஷமாகக் கண்டுபிடித்துக் கொடுத்துப் பிழைத்தவள் நான். ராணிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று கடையில் சொல்வார்கள். கண்ணைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை.

நிறத்தோடு பழகினால் கண்ணின் குணமும் பிடிபட்டுவிடும். சிவப்பு உடலும் நீலக் கரையுமாக ஒரு சாரியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் கரை துணியை விட்டு எழும்பி நடுங்கும். கறுப்பில் ஐந்து வகையை வைத்துக்கொண்டு டியூப் லைட்டின் கீழ் நின்றால் புருவம் வலிக்கும். வெள்ளை பளீரென்று அடிக்கும். இலைப்பச்சை மட்டும் ஒன்றும் கேட்காது, கண் அதன்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் தலை கிறுகிறுக்கும்போதெல்லாம் கடை வாசலுக்கு வந்து, கூரைகளுக்கு மேலே தெரியும் காட்டை ஐந்து நிமிஷம் பார்ப்பேன். கண் லேசாகிவிடும். முதலாளி அதற்கு "ராணி பெற்றோல் அடிக்கிற நேரம்" என்று பெயர் வைத்திருந்தார்.

அந்த வருஷம் மழை தொடங்கிய நாட்களில் வலது புருவத்துக்கு மேல் ஒரு வலி வர ஆரம்பித்தது. பகலில் இல்லை. வேலை முடிந்து கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஏறி, பொழுது மங்குகிற நேரத்தில்தான் வரும். பாலத்தைக் கடக்கும்போது விளக்குகளைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரியும். உள்ளே நீலம், வெளியே சிவப்பு, நடுவில் மற்றதெல்லாம். நிறத்துக்காரி அல்லவா, பயப்படுவதை விட்டுவிட்டு எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது என்று வரிசை பார்த்துக்கொண்டு வந்தேன். அத்தனை புத்திசாலி நான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பெயர் தங்கராஜ், மாநகர சபையில் கிளார்க். வாலிபத்தில் ரயில்வேயில் கார்ட் வேலைக்குப் போக ஆசைப்பட்டவர். சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் அவருக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன என்று மருத்துவச் சோதனையில் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நிறம் பார்த்துச் சாப்பிடுகிறவளுக்கு நிறம் தெரியாத மாப்பிள்ளை. கல்யாணமான நாளிலிருந்து அவருடைய சட்டையை நான்தான் எடுத்து வைக்கிறேன். அதற்காகக் கேலி செய்யாத நாளும் கிடையாது.

"வளையம் தெரியுதுன்னா டொக்டர்கிட்ட காட்டிருவோம் ராணி" என்றார்.

"ஆமா, கலர் தெரியாதவரு கண்ணுக்கு வைத்தியம் சொல்றாரு. நாள் முழுக்க டியூப் லைட்டுல நிக்கிறேன், சூடு. பச்சையப் பாத்துக்கிட்டு படுத்தா போயிரும்."

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. கடையில் கடைசித் துண்டாகக் கிடந்த இலைப்பச்சைப் பொப்லின் துணியை வாங்கி வந்தேன். வெளிச்சம் ஊடுருவாமல் இருக்க இரண்டாக மடித்துத் தைத்து எங்கள் படுக்கையறை ஜன்னலுக்குத் திரையாகப் போட்டேன். அறை முழுக்கப் பச்சை இருட்டு. வேலை விட்டு வந்ததும் அதற்குள் போய்ப் படுப்பேன். தூங்கி எழுந்தால் வலி போயிருக்கும். "பாத்தீங்களா" என்று அவரிடம் மார்தட்டினேன். வலியைப் போக்கியது தூக்கம், பெயர் வாங்கியது திரை. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

பிறகு ஒரு பௌர்ணமிப் போயா தினம் வந்தது. கடை மூடியிருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கண்ணுக்கு இன்றைக்கு நல்ல ஓய்வு கொடுப்போம் என்று திரையை இழுத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. ரேடியோவில் பிக்குமார் பன ஓதிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பச்சை மங்கலை அகலக் கண் திறந்து பார்த்தபடி இரண்டு மணி நேரம் கிடந்தேன்.

முதலில் புருவம் வலித்தது. பிறகு வலது பக்கத் தலை முழுவதும். யாரோ கட்டைவிரலை வைத்துக் கண்ணை உள்ளே அமுக்குவது போலிருந்தது. எழுந்து உட்கார்ந்ததும் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்து தடவை. வீட்டுக்காரர் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றார். மத்தியானம் சாப்பிட்ட மீன்தான் காரணம் என்று முடிவுகட்டி, கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்தார். டம்ளரை நீட்டியவர் என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"ராணி, ஒன் கண்ணு என்னா இப்புடி இருக்கு? கருவிழி புகை புடிச்ச மாதிரி இருக்கே?"

இடது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். அவர் நிற்கும் இடத்தில் ஒரு நிழல் நின்றது. சட்டை என்ன நிறம் என்று தெரியவில்லை. காலையில் நான் எடுத்து வைத்த சட்டை.

ஓட்டோவில் பெரியாஸ்பத்திரிக்கு வந்தோம். வழியெல்லாம் ஒரு பொலித்தீன் பையில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டே வந்தார். வெளிநோயாளர் பகுதியில் வாந்தி என்றதும் வயிற்றைப் பார்ப்பவர்கள் பக்கம் போகச் சொன்னார்கள். வாழ்நாளில் குரல் உயர்த்தாத மனுஷர், "வயித்துக்கு இல்லைங்க, கண்ணு, கண்ணு!" என்று கத்தினார். நல்லவேளை, கத்தினார்.

கண் டொக்டர் ஒரு பெண். யாழ்ப்பாணத்துப் பேச்சு. மூடிய இமையின் மேல் இரண்டு விரலை வைத்து மெதுவாக அழுத்திப் பார்த்தார். பிறகு ஒரு கருவியை வைத்துப் பார்த்தார். 

"அம்மா, வாந்தி வயித்தால வரேல்ல, கண்ணால வருது. கண் கல்லுப் போல இறுகிப்போச்சு. எத்தினை நாளா விளக்கைச் சுத்தி வளையம் தெரியுது?"

"ஒரு மாசம் இருக்கும்."

"ஒரு மாசமோ! என்னத்துக்கு முந்தியே வரேல்ல?"

கையில் ஊசி ஏற்றி ஒரு போத்தல் மருந்தை ஓடவிட்டார்கள். மாத்திரை தந்தார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நர்ஸ் மிஸ்ஸி வந்து கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் போனாள். சிங்களத்தில் "பய வென்ன எப்பா அம்மே" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள். பயப்படாதே அம்மா என்று அர்த்தம். பயந்துதான் போயிருந்தேன். மாத்திரை குடித்ததில் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ந்தது. நடையாய் நடந்து சிறுநீர் கழித்தேன். அப்படிப் போகப் போகக் கண்ணிலுள்ள தண்ணீரும் குறையும் என்றார்கள். விடியும்போது வலி பாதிக்கு இறங்கியிருந்தது. நிழலாக இருந்த வீட்டுக்காரருக்கு மூக்கும் மீசையும் வந்திருந்தன.

மறுநாள் டொக்டர் வந்து விளக்கமாகச் சொன்னார். கண்ணுக்குள்ளே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்குமாம். அது ஓரத்திலுள்ள சின்ன வடிகால் வழியாக வெளியே போய்க்கொண்டும் இருக்க வேண்டும். வடிகால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் கண்ணின் நரம்பைக் கொல்லும். இதற்குக் கிளோகோமா என்று பெயர். மெதுவாக, வலியே இல்லாமல் வருகிற வகையும் உண்டு. எனக்கு வந்தது வாசல் திடீரென்று சாத்திக்கொள்கிற வகை.

"உங்கட கண் பிறப்பிலேயே சின்னக் கண். அதாலதான் தடிச்ச கண்ணாடி போடுறீங்கள். வயசு போகப் போக உள்ளுக்க இருக்கிற வில்லை பெருக்கும். சின்ன அறைக்குள்ள பெரிய அலுமாரி வச்சால் கதவு திறக்க இடமிருக்குமோ? அதுதான் கதை. சரி, நேற்று பின்னேரம் என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?"

பச்சைத் திரையைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அம்மா, நீங்கள் புடவைக் கடைக்காரி. ஜன்னல் திரையை இழுத்துத் திறந்தால் துணி எங்க போகும்?"

"ஓரத்துல போய் குவியும்."

"ஓம். கண்ணுக்குள்ளயும் ஒரு வட்டத் திரை இருக்கு. வெளிச்சத்தில அது விரிஞ்சு நிக்கும், நடு ஓட்டை சின்னனாகும். இருட்டில ஓட்டை பெருக்கும், திரை ஓரத்தில போய்க் குவியும். வடிகால் இருக்கிறதும் அந்த ஓரத்திலதான். உங்களுக்கு அதில இடமே இல்லை. நீங்கள் இருட்டைப் போட்டு, கண்ணையும் திறந்துகொண்டு கிடந்திருக்கிறீங்கள். நித்திரை கொண்டிருந்தால் ஓட்டை சுருங்கியிருக்கும், தப்பியிருப்பீங்கள்."

"அப்ப பச்சை?"

"பச்சையில பிழை இல்லை. பகல் வெளிச்சத்தில கண்ணுக்கு லேசாப் பிடிபடுற நிறம் அதுதான். சிவப்பும் நீலமும் கண்ணுக்குள்ள ஒரே இடத்தில குவியாது, அதுதான் பக்கத்தில பக்கத்தில பார்த்தால் கண் இழுபடும். பச்சை நடுவில விழும். ஆனா சுகமான நிறம் மருந்தாகாது. நீங்கள் பச்சையைப் போட்டதாக நினைச்சு இருட்டைப் போட்டிட்டீங்கள்."

இருபத்தாறு வருஷமாக, வெளிச்சமில்லாமல் நிறம் பார்க்காதீர்கள் என்று வாடிக்கையாளர்களை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனவள் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது. அங்கேயே வாய்விட்டுச் சிரித்தும் விட்டேன், வேறென்ன செய்வது.

பக்கத்துக் கட்டில்காரி ஆயிஷா. கலகெதரவில் வீடு, என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்தாலும் வார்ட்டில் யார் வந்தார், யார் போனார் என்ற சேதியெல்லாம் அவளிடம்தான் இருக்கும். குண்டசாலையிலிருந்து என் நாத்தனார் ரசம் கொடுத்தனுப்பினாள். முப்பது வருஷத்தில் அவள் எனக்குச் செய்த முதல் நல்ல காரியம். அதில் பாதியை ஆயிஷாவுக்குக் கொடுத்தேன். "இதுல உப்பு போட மறந்திட்டாங்களே அக்கா" என்று ஒரு வாயிலேயே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எங்களுக்குள் நல்ல ஒட்டு.

வீட்டுக்காரர் காலையும் மாலையும் வந்தார். மாற்று உடுப்பு என்று ஊதாச் சட்டைக்குச் செம்மஞ்சள் பாவாடையைக் கொண்டுவந்தார். திட்டினேன். மறுநாள் சிவப்புக்கு ரோஸ். திட்டவில்லை, போட்டுக்கொண்டேன். எனக்கு மனசில் வேறு கவலை இருந்தது.

கண் தெளிந்த பிறகு, பிளாஸ்கின் சிவப்பு மூடியை ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்தேன். இடது கண்ணுக்குச் சிவப்பு. வலது கண்ணுக்குத் துவைத்துத் துவைத்து வெளுத்த சிவப்பு. மருந்தினால் இருக்கும் என்று நினைத்தேன். நம்பிக்கை வரவில்லை. கடையிலிருந்து நூல் அட்டையை வாங்கிவரச் சொன்னேன். நூல் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துளி நூலை வரிசையாக ஒட்டித் தரும் அட்டை அது. ஜன்னலருகே வைத்துப் பார்த்தேன். இடது கண் பதினான்கு பச்சையையும் தனித்தனியாகப் பிரித்தது. வலது கண்ணில் நான்கு பச்சை ஒன்றாகிப் போனது. மூக்குப் பக்கத்து ஓரத்தில் ஒரு நிழலும் நின்றது.

டொக்டரிடம் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "கொஞ்ச நரம்பு செத்துப்போச்சு அம்மா. போனது திரும்பாது. இருக்கிறதை நாங்கள் காப்பாத்துவம்."

வலது கண்ணுக்கு லேசர் அடித்தார்கள். உள்ளேயிருக்கும் வட்டத் திரையின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை போடுவது. தண்ணீர் அந்தக் குறுக்கு வழியால் போய்விடும், இனி வாசல் சாத்தாது. அதற்கு நான் எதிர்ப்பே சொல்லவில்லை. கெட்ட கண்தானே. மறுநாள் டொக்டர் வந்து, "நாளைக்கு இடது கண்" என்றார்.

"இடது கண்ணுக்கு ஒண்ணுமில்லையே டொக்டர்."

"இண்டைக்கு இல்லை. அதுவும் அதே மாதிரிச் சின்னக் கண், அதே ஒடுங்கின வாசல். விட்டால் இதுக்கு நடந்தது அதுக்கும் நடக்கலாம்."

"நடக்கும்போது பாத்துக்கலாம். அந்தக் கண்ணுல மட்டும் கை வைக்க விடமாட்டேன்."

கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்த தாளைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டேன். பதினான்கு பச்சையும் தெரிகிற ஒரே கண் அதுதான். கை தவறினால்? வெளிச்சம் ஒரு மயிரிழை தள்ளிப் பட்டால்? மேசையை விட்டு எழுந்து, துணி மடிக்கிற பக்கம் போய் நிற்க வேண்டியதுதான். துணி மடிப்பது கேவலமில்லை. ஆனால் அது நான் இல்லை. வீட்டுக்காரர் வந்து எடுத்துச் சொன்னார். "நல்லா இருக்கிற கண்ணுல ஓட்டை போடச் சொல்றீங்களே, நீங்க எனக்குப் புருஷனா இல்ல எமனா" என்று வார்ட்டே கேட்கும்படி கத்தினேன். மனுஷர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

ஆயிஷா கட்டிலில் என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அக்கா, எண்ட கதயக் கேளுங்க" என்றாள். "மூணு வருசத்துக்கு முந்தி எனக்கும் இதே வருத்தந்தான் வந்திச்சி. ஒரு கண்ணுல பார்வ போயிட்டு. மத்தக் கண்ணுக்கு லேசர் அடிக்கணும், வாங்க எண்டு தேதி போட்டுத் தந்தாங்க. நல்லா ஈக்கிற கண்ணுல ஏன் ஓட்ட போடணும் எண்டு நான் போகல்ல. கிளினிக் கொப்பிய அலுமாரிக்கு மேல வச்சிட்டன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, இந்தா ஈக்கிறனே. போன கெழம அந்தக் கண்ணுக்கும் வந்திட்டு. ரெண்டு நாள் தலவலி எண்டு படுத்துக் கெடந்தன். இப்ப ஒங்கட மொகம் எனக்குத் தெரியல்ல அக்கா. கை அசையிறது மட்டும் தெரியுது. ஒங்களக் கொரல வச்சித்தான் புடிச்சிருக்கன்."

ஐந்து நாளாக என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவள். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அழுகை வந்துவிட்டது. "அழாதீங்க, கண்ணுக்குக் கூடாது" என்று அதற்கும் என்னைத்தான் அதட்டினாள். இன்னும் மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லாஹ் கொஞ்சமாவது திருப்பித் தருவான் என்றாள்.

எழுந்து வராந்தாவுக்குப் போனேன். வீட்டுக்காரர் கம்பியைப் பிடித்தபடி ஹந்தானை மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மழை விட்டு மலை கழுவி வைத்த மாதிரி இருந்தது. பக்கத்தில் போய் நின்றேன்.

"உங்களுக்கு அந்த மலை என்ன கலர்ல தெரியுது?"

முப்பது வருஷத்தில் இதை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன், கேலிக்கு. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டது அன்றைக்குத்தான். அவருக்கும் அது புரிந்தது.

"பேரு தெரியாது ராணி. மண்ணு மாதிரி ஒரு மங்கல். ஆனா பாத்துக்கிட்டே இருக்கலாம்."

"பச்சையே தெரியாம எப்புடிங்க சொகமா இருக்கும்?"

"தூரமா இருக்குல்ல. நாள் முழுக்க ஃபைலப் பாத்துட்டு ஜன்னல் வழியா தூரத்தப் பாத்தா கண்ணுல ஏதோ முடிச்சு அவுந்த மாதிரி இருக்கும். அது எல்லாருக்கும் ஒண்ணுதானே."

பிறகு டொக்டரும் இதையே சொன்னார். கிட்டப் பார்க்கும்போது கண்ணுக்குள் ஒரு தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும், தூரத்தைப் பார்த்தால் தளரும். கடை வாசலில் நான் அடித்த பெற்றோலில் பச்சையின் பங்கு கொஞ்சம்தான், தூரத்தின் பங்குதான் அதிகம். நிறம் தெரியாத மனுஷருக்கு அது தெரிந்திருக்கிறது.

"கலர் தெரியாம நீங்க நல்லாத்தானே இருக்கீங்க" என்றேன். எனக்கே ஆறுதல் சொல்லிக்கொண்டேன் போல.

அவர் என் பக்கம் திரும்பினார். "நான் இருந்துட்டேன். எனக்கு அது என்னான்னே தெரியாது, அதனால இருந்துட்டேன். ஒன்னால முடியாது. ஒனக்கு அந்தக் கண்ணு வேணும். கையெழுத்துப் போடு ராணி."

கலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நான் இருக்கிறேன் என்று சொல்வார் என எதிர்பார்த்திருந்தேன். அதைச் சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை ஒரு கருவிக்கு முன்னால் நாடியை வைத்து உட்கார்ந்தேன். மரத்துப்போக மருந்து விட்டு, கண்ணின் மேல் ஒரு சின்னக் கண்ணாடியைப் பொருத்தினார்கள். "அசையாதேங்கோ" என்றார் டொக்டர். கிளிக் என்று ஒரு சத்தம், ரப்பர் பட்டியால் சுண்டியது போல ஒரு அடி. இன்னொன்று. அவ்வளவுதான். நான் பயந்த பயத்துக்கு அரை நாளாவது ஆகியிருக்க வேண்டும், ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் எழுந்து பார்த்தால் இடது கண்ணில் ஒரே மூட்டம். வலதில் வெளுப்பு, இடதில் மூட்டம். கதிரையில் உட்கார்ந்து வேண்டாத தெய்வமில்லை. ஒரு மணி நேரத்தில் மூட்டம் மெல்லக் கலைந்தது. முதலில் தெரிந்தது வீட்டுக்காரருடைய சட்டை. மஞ்சளும் சாம்பலும் கட்டம் போட்டது, அதற்குக் கீழே காக்கிக் காற்சட்டை. பார்க்கச் சகிக்கவில்லை. அத்தனை சந்தோஷமாக இருந்தது.

இரண்டு நாளில் வீட்டுக்கு விட்டார்கள். போகும்போது டொக்டர் சொன்னதை இங்கே எழுதுவது என் கடமை. விளக்கைச் சுற்றி நிற வளையம் தெரிந்தால், ஒரு பக்கப் புருவம் வலித்தால், கண் சிவந்து வாந்தி வந்தால், கசாயம் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். கண்ணைக் காட்டுங்கள், அன்றைக்கே. கூடப் பிறந்தவர்களுக்கும் காட்டுங்கள், இது குடும்பத்தில் வருகிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சும்மா சொல்லவில்லை. ஆயிஷாவை நானும் அவரும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். அவளால் இன்னும் எழுத்துப் படிக்க முடியவில்லை. ஆனால் போன தடவை, வாசலில் நின்றது நான்தான் என்று நான் பேசுவதற்கு முன்பே சொன்னாள்.

ஒரு மாதம் கழித்துக் கடைக்குப் போனேன். முதலாளியிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்: "ஒரு துணி தப்பா வெட்டினாலும் அன்னைக்கே இந்த மேசையிலருந்து எழுந்திருச்சிருவேன். நீங்க சொல்ல வேண்டியதில்ல." அவர் கத்திரிக்கோலை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அன்றைக்குப் பார்த்து முதலாவதாக வந்தவள் ஒரு கல்யாணப் பெண்ணின் தாய். ஒரு சாரியை மேசையில் விரித்தாள். மயில் கழுத்து. நிறங்களிலேயே திருட்டு நிறம் அது. ஒரு பக்கம் பார்த்தால் நீலம், மறுபக்கம் பச்சை. "அதே கலர் வேணுங்க அக்கா, கொஞ்சங்கூட வித்தியாசம் இருக்கக்கூடாது" என்றாள்.

இரண்டு சுருள் எடுத்து வைத்தேன். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது இரண்டு துணியும் சரிபோலவே இருந்தன. சாரியையும் சுருள்களையும் அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனேன். மழை மூட்டம், ஆனாலும் பகல் வெளிச்சம். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினேன்.

"கண்ணுல தூசி விழுந்திருச்சாக்கா?"

"இல்லம்மா."

இடது கண் ஒரு சுருளைத் தள்ளிவிட்டது. அதில் நீலம் ஒரு சொட்டுக் கூடுதல். மற்றதைத் தொட்டேன். "வெட்டவா?" என்றேன். வெட்டினால் ஒட்ட முடியாது. முதலாளி பின்னால் வந்து நிற்பது தெரிந்தது.

"வெட்டுங்க."

மேசைக்குத் திரும்பி அளந்து வெட்டினேன். துண்டைச் சாரியின் மேல் போட்டுத் தடவிவிட்டேன். சாரிக்கு ஏற்ற நூல் எடுக்க நான் திரும்பினேன். பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"அக்கா, வெட்டின துண்ட எங்க வச்சீங்க? காணோமே."

திரும்பிப் பார்த்தேன். துண்டு சாரியின் மேலேயே கிடந்தது. அவள் குனிந்து, விரலால் தடவித் தடவி அதன் ஓரத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். நன்றாகத் தேடட்டும் என்று விட்டுவிட்டேன்.